பூனை மயிரில் வாசனை எண்ணெய் பட்டால்

பூனையின் மயிரில் சித்ரனெல்லா, கராம்பு, யூக்கலிப்டஸ் எண்ணெய் பட்டுவிட்டால், அந்த இடத்தில் பாத்திரம் கழுவும் திரவத்தை நேரே தேய்த்து நுரைக்கவிட்டு, இளஞ்சூட்டுத் தண்ணீரில் மணம் போகும்வரை இரண்டு மூன்று தரம் அலசுங்கள். வெறும் தண்ணீர் எண்ணெயைப் பரப்பத்தான் செய்யும். பூனை உடம்பை நக்கிக்கொண்டே இருப்பதால் எண்ணெய் வயிற்றுக்குள் போகும். எண்ணெயிலுள்ள பீனோல் போன்ற வேதிப்பொருட்களை மாற்றி வெளியேற்றும் நொதி அதன் ஈரலில் மிகக் குறைவு, அதனால் அவை அதற்கு நஞ்சாகும். மாரியில் திருகோணமலை வீடுகளில் நுளம்புக்குச் சித்ரனெல்லா பூசிய கையாலேயே பூனையையும் தடவுகிறோம், தயவுசெய்து கையைக் கழுவுங்கள்! எண்ணெயை நக்கிக் குடித்திருந்தாலோ, வாணி வடிந்து, நடுங்கி, தள்ளாடினாலோ கழுவல் மட்டும் போதாது: வாந்தியெடுக்க வைக்காமல், எண்ணெய்ப் போத்தலோடு உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.