பறவை மோதினால் விமானி அறையில் என்ன நடக்கும்? படிப்படியாக ஒரு விளக்கம்

குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு விமான நிலையம் என்றால் திருவனந்தபுரம்தான். களியக்காவிளை தாண்டி, பாறசாலை வழியாகப் போய் வளைகுடாவுக்கு விமானம் ஏறிய ஆள் இல்லாத தெரு எங்கள் பக்கம் குறைவு. அங்கே ஓடுபாதை கடற்கரையை ஒட்டியே கிடக்கிறது. மீனும் இறைச்சிக் கழிவும் கிடைக்கிற இடத்தில் பருந்து வட்டமிடாமல் என்ன செய்யும்? "பறவை மோதி விமானம் திரும்பியது" என்று செய்தி வந்தால் இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. அந்த இரண்டு வரிக்கு நடுவே விமானிகள் என்ன செய்கிறார்கள் என்று கேட்பவர்களுக்காகவும், கணினியில் சிமுலேட்டர் ஓட்டப் பழகும் பிள்ளைகளுக்காகவும் இதை எழுதுகிறேன்.

ஏ320 விமானம், இரண்டு எஞ்சின், திருவனந்தபுரத்திலிருந்து சார்ஜா என்று வைத்துக்கொள்வோம். இன்று ஓட்டுபவர் கேப்டன். நீங்கள் வலது இருக்கையில் துணை விமானி. கருவிகளைக் கவனிப்பது, ரேடியோ பேசுவது, கோளாறு வந்தால் செய்ய வேண்டியவற்றின் பட்டியலைப் படிப்பது உங்கள் வேலை. இந்த வேலைப் பிரிவு கடைசி வரை மாறக்கூடாது.

படி 1: கிளம்பும் முன்பே பேசி வைப்பது

பறவை நடமாட்டம் இருந்தால் விமான நிலையத்தின் பதிவுசெய்த அறிவிப்பிலேயே சொல்லிவிடுவார்கள். ஓடுபாதையில் கூட்டமாக உட்கார்ந்திருந்தால் கட்டுப்பாட்டுக் கோபுரத்திடம் சொல்லிக் காத்திருக்கலாம். வெடி போட்டு விரட்ட ஆட்கள் உண்டு. விமானத்தின் முன்விளக்குகளைப் போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு கேப்டன், "எஞ்சின் போனால் இன்னின்னது செய்வோம்" என்று வாய்விட்டுச் சொல்வார். தினமும் சொல்கிற அதே வசனம்தான். ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும்.

படி 2: ஓடும்போதே மோதினால்

இங்கே இரண்டு எண்கள்தான் முக்கியம். முதலாவது 100 நாட், ஏறக்குறைய மணிக்கு 185 கிலோமீட்டர். அதற்குக் கீழே எந்தக் கோளாறு என்றாலும் நிறுத்துவது எளிது. இரண்டாவது 'வி-ஒன்' எனும் முடிவு வேகம். எடை, காற்று, ஓடுபாதை நீளம் பார்த்து ஒவ்வொரு பயணத்துக்கும் தனியாகக் கணக்கிடுவார்கள். 100 நாட்டுக்கும் வி-ஒன்னுக்கும் நடுவில் எஞ்சின் போவது, தீ போன்ற பெரிய காரணம் இருந்தால் மட்டுமே நிறுத்துவார்கள். வெறும் சத்தத்துக்காக நிறுத்துவதில்லை. வி-ஒன் தாண்டிவிட்டால் மிச்சமுள்ள ஓடுபாதையில் நிற்க முடியாமல் போகலாம், அதனால் மேலே ஏறித்தான் ஆக வேண்டும். ஒற்றை எஞ்சினிலும் ஏறும்படிதான் இந்த விமானங்களுக்கு அனுமதியே தரப்படுகிறது.

படி 3: ஓட்டு, வேறொன்றும் செய்யாதே

சக்கரம் தரையை விட்டதும் "டம்" என்று ஒரு சத்தம். இடது பக்கம் மூக்கு இழுக்கிறது. ஏசி காற்றில் கோழி இறகைப் பொசுக்கியது போல வாடை. எஞ்சினுக்குள் போன பறவையின் வாடை அது. அறைக்கு வரும் காற்றே எஞ்சினிலிருந்துதானே எடுக்கப்படுகிறது.

புதிதாகப் பழகுபவர்கள் கை இந்த இடத்தில் எதையாவது அணைக்கப் பரபரக்கும். கூடாது. கேப்டன் காலால் ரட்டரை (வாலில் திசை திருப்பும் பலகை) மிதித்து மூக்கை நேராக்குவார், வேகத்தைக் காப்பார், சக்கரத்தை உள்ளே இழுக்கச் சொல்வார். தரையிலிருந்து குறைந்தது 400 அடி ஏறி, விமானம் நிதானமாகும் வரை எஞ்சின் பக்கம் கையே போகாது. எச்சரிக்கை மணி காதைக் குடையும். அதை நிறுத்திவிட்டு ஏறிக்கொண்டே இருப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே செய்யாமல் இருப்பது போலத் தோன்றும் இந்த நேரம்தான் மொத்தத்திலும் கடினமானது என்பது என் எண்ணம்.

படி 4: எது போயிற்று என்று பார்ப்பது

இப்போது உங்கள் முறை. விசிறியின் சுழற்சி, வெளியேறும் வாயுவின் வெப்பம், அதிர்வு, எரிபொருள் ஓட்டம் என்று இடது, வலது எஞ்சின் எண்களை ஒப்பிட்டுப் படியுங்கள். எஞ்சின் ஓடிக்கொண்டு அதிர்வு மட்டும் கூடியிருந்தால் விசைநெம்பை (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடி) குறைத்து வைத்தே சமாளிக்கலாம். சேதமோ தீயோ தெரிந்தால்தான் நிறுத்துவது.

நிறுத்துவதற்கு ஒரு சடங்கு உண்டு. நீங்கள் எஞ்சினை நிறுத்தும் நெம்பின் மேல் கையை வைத்து, "எண் ஒன்று, சரிதானா?" என்று கேட்க வேண்டும். கேப்டன் கண்ணால் பார்த்து, "சரி" என்ற பிறகே கை நகர வேண்டும். 2015 பிப்ரவரி 4 அன்று தைபெயில் ஓர் ஏடிஆர் 72 விமானத்தின் ஓர் எஞ்சின் கிளம்பியவுடன் சக்தி இழந்தது. அது பறவையால் அல்ல. ஆனால் விமானி நன்றாக ஓடிக்கொண்டிருந்த மற்ற எஞ்சினைக் குறைத்து நிறுத்திவிட்டார். 43 பேர் இறந்தார்கள். ஒரே ஒரு சொல் கேட்டுப் பதில் வாங்கும் அந்த இரண்டு விநாடி எதற்கு என்று இப்போது புரியும்.

எஞ்சினில் படாமல் மூக்கில் பட்டால் கதை வேறு. முன்கண்ணாடி பல அடுக்குகள் கொண்டது, 1.8 கிலோ பறவை பயண வேகத்தில் மோதினாலும் உள்ளே வந்துவிடக்கூடாது என்பது சான்றிதழ் விதி. நம் ஊர்க் கரும்பருந்து பொதுவாக ஒரு கிலோவைத் தாண்டாது. வேகம் அளக்கும் குழாய் அடைபட்டால்தான் தொல்லை. கேப்டன் திரை ஒன்று காட்டும், உங்கள் திரை ஒன்று காட்டும், நடுவிலுள்ள மாற்றுக் கருவி மூன்றாவதாக ஒன்று காட்டும். எதை நம்புவது? எதையும் நம்ப வேண்டாம். மூக்கின் கோணத்தையும் எஞ்சின் விசையையும் மனப்பாடமான அளவில் வைத்துக்கொண்டால் வேகம் தானாகச் சரியாக இருக்கும்.

படி 5: தரைக்குச் சொல்வது

"மேடே, மேடே, மேடே." ஆபத்து என்பதற்கான ரேடியோ அழைப்பு இது. அதன் பின் விமானத்தின் அழைப்புப் பெயர், "பறவை மோதல், ஓர் எஞ்சின் இல்லை, கடல் மேல் நேராகப் போகிறோம், காத்திருங்கள்." அவ்வளவு போதும். எத்தனை பேர், எவ்வளவு எரிபொருள் என்பதெல்லாம் அப்புறம். ஓட்டுவது, திசை பார்ப்பது, பேசுவது என்பதே வரிசை, பேச்சு கடைசி.

படி 6: பின்னால் இருப்பவர்களிடம் கேட்பது

விமானிகளின் இருக்கையிலிருந்து எஞ்சின் கண்ணுக்குத் தெரியாது. இறக்கைக்கு அருகில் நிற்கும் பணிப்பெண்ணுக்குத் தெரியும். 2022 ஜூன் 19 அன்று பாட்னாவிலிருந்து 185 பயணிகளோடு டெல்லிக்குக் கிளம்பிய போயிங் 737-இல் இடது எஞ்சினில் தீப்பொறி பறப்பதைப் பார்த்துச் சொன்னது பணியாளர்கள்தான். கேப்டன் அந்த எஞ்சினை நிறுத்திவிட்டுப் பாட்னாவிலேயே இறக்கினார். விசிறி இறக்கைகள் மூன்று சேதமடைந்திருந்தன.

கேப்டன் பணியாளர் தலைவிக்கு நான்கு செய்திகளை இந்த வரிசையில் சொல்வார்: என்ன கோளாறு, என்ன செய்யப் போகிறோம், எவ்வளவு நேரம் இருக்கிறது, சிறப்பாக ஏதாவது செய்ய வேண்டுமா. அவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகுதான் பயணிகளுக்கு அறிவிப்பு. "ஏன் இவ்வளவு நேரம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை?" என்று இறங்கியதும் கோபப்படுபவர்களுக்கு இதுதான் பதில்.

படி 7: எங்கே இறங்குவது

பெரும்பாலும் கிளம்பிய இடத்துக்கே. வானிலை சரியில்லை என்றால் கொச்சி. சார்ஜாவுக்கான எரிபொருள் முழுதாக இருக்கும், எடை அதிகம். ஏ320-இல் எரிபொருளை வானில் கொட்டிவிடும் வசதி பொதுவாகக் கிடையாது. அவசரமில்லை என்றால் சுற்றி எரிக்கலாம். அவசரமென்றால் கூடுதல் எடையோடே மெதுவாக இறக்கிவிட்டு, பிறகு சக்கரக் கால்களைச் சோதிக்கச் சொல்வார்கள்.

இரண்டு எஞ்சினும் போனால் இந்த வரிசையே குலைந்துவிடும். 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் வாத்துக் கூட்டம் புகுந்து ஏ320-இன் இரண்டு எஞ்சினும் சக்தி இழந்தன. அதற்கான பட்டியல் உயரத்தில் பறக்கும் விமானத்தை மனதில் வைத்து எழுதப்பட்டது; அவர்களோ ஏறக்குறைய மூவாயிரம் அடி உயரத்தில்தான் இருந்தார்கள். கேப்டன் சல்லன்பெர்கர் பட்டியலில் வெகு கீழே இருந்த வேலையை, வால்பக்கத் துணை மின்எஞ்சினை முடுக்குவதை, முதலிலேயே செய்தார். ஹட்சன் ஆற்றில் இறக்கினார், 155 பேரும் பிழைத்தார்கள். வரிசையை நன்றாகத் தெரிந்தவர்தான் அதை மீறலாம்.

படி 8: இறங்கும்போது இன்னொரு கூட்டம் வந்தால்

சிமுலேட்டர் பிள்ளைகள் உடனே விசையை முழுதாகக் கொடுத்து மேலே ஏறுவார்கள். தரைக்கு அருகில் அது தப்பு. எஞ்சின் வேகமாகச் சுழலும்போது பறவை புகுந்தால் சேதம் அதிகம். மெதுவாகச் சுழலும்போது குறைவு. ஓடுபாதை கண்முன்னே இருக்கிறது. இறக்கிவிடுவதே நல்லது.

படி 9: நின்ற பிறகு

தீயணைப்பு வண்டிகள் சுற்றிலும் வந்து பார்க்கும். புகை இல்லை என்றால் சறுக்கு வழியைத் திறக்க வேண்டியதில்லை. திறக்கச் சொன்னால் கைப்பையை எடுக்காதீர்கள். சார்ஜாவுக்குக் கட்டிய அச்சப்பம் பொட்டலம் எங்கேயும் போகாது.

பொறியாளர்கள் குழாய்க் கேமராவை எஞ்சினுக்குள் விட்டுப் பார்ப்பார்கள். ஒட்டியிருக்கும் இறகையும் இரத்தக் கறையையும் துடைத்து உறையில் போடுவார்கள். இப்படிப்பட்ட மிச்சங்களை மரபணு வைத்து இன்ன பறவை என்று கண்டுபிடிக்கும் ஆய்வகம் கோவையை அடுத்த ஆனைகட்டியில், சலீம் அலி பறவையியல் மையத்தில் இருக்கிறது. அட்டப்பாடிக்குப் போகும் வழியில், அதுவும் கேரள எல்லையோரம்தான். பருந்து என்று தெரிந்தால் விமான நிலையத்தார் இறைச்சிக் கழிவு எங்கே கொட்டப்படுகிறது என்று தேட வேண்டும். விமான நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் கால்நடை அறுப்பதையும் குப்பை கொட்டுவதையும் 1937-ஆம் ஆண்டு விமான விதிகளின் 91-ஆம் விதி தடுக்கிறது. கொக்கு என்றால் ஓடுபாதை ஓரத்துப் புல்லையும் தேங்கிய நீரையும் பார்க்க வேண்டும்.