யாரை முதலில் பார்ப்பது? என்கிளெக்ஸ் தேர்வில் எனக்குக் கைகொடுத்த வழி

அமெரிக்காவில் செவிலியர் உரிமம் பெற எழுதும் என்கிளெக்ஸ் தேர்வுக்குப் படித்தபோது என்னை வாட்டியெடுத்தவை முன்னுரிமைக் கேள்விகள்தான். நான்கு நோயாளிகளைக் காட்டி, யாரை முதலில் பார்ப்பீர்கள் என்று கேட்பார்கள். நால்வருமே அவசரமாகத் தெரிவார்கள்.

பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தும் பலனில்லை. ஒவ்வொரு நோயாளிக்கும் எதிரே ‘எதிர்பார்த்தது’, ‘எதிர்பாராதது’ என்று குறிக்கத் தொடங்கிய பிறகே பிடி கிடைத்தது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவருக்கு ஆக்சிஜன் அளவு 90 சதவீதம்; அவருக்கு அது பெரும்பாலும் வழக்கமானதே. தைராய்டு அறுவை முடிந்தவருக்கோ உதட்டைச் சுற்றிக் குறுகுறுப்பு. தைராய்டை ஒட்டியிருந்து கால்சியம் அளவைக் காக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் பாதிக்கப்பட்டு, ரத்தத்தில் கால்சியம் குறைந்திருக்கலாம். அது முற்றினால் குரல்வளை இறுகி மூச்சே அடைபடும். முதலில் ஓட வேண்டியது இவரிடம்தான். 90 என்ற குறைந்த எண்ணைக் கண்டு பதறுபவர்கள் இவரைத் தவறவிடுவார்கள்.

சரியான விடைக்கும்கூடக் காரணத்தை ஒரே வரியில் நோட்டில் எழுதினேன். 2023 ஏப்ரல் முதல் தேர்வில் இடம்பெறும் நோயாளி நிலை ஆய்வுக் கேள்விகளுக்கும் (ஒரே நோயாளியைப் பற்றி அடுத்தடுத்து வருபவை) இந்தப் பழக்கம் நன்றாக உதவியது.

இன்னொன்று: இந்தத் தேர்வில் 85 முதல் 150 கேள்விகள் வரை வரலாம், விடையளித்த கேள்விக்குத் திரும்பிப் போக முடியாது. ஆகவே பயிற்சியின்போதும் விடையை மாற்றாமலே முன்னேறினேன்.