கில்லி முட்டையை காலண்டர் பார்த்து நனைக்காதீர்கள்

கப்பி, பீட்டா மீன்களில் கைதேறியவர்கள் அடுத்து ஆண்டுக் கில்லி (annual killifish, ஒரு மழைக்காலத்தோடு வாழ்ந்து முடியும் சின்ன மீன்) பக்கம் வருகிறார்கள். நல்லதுதான். ஆனால் வருகிறவர்கள் எல்லாம் நாங்கள் வழுக்கி விழுந்த அதே இடத்தில்தான் விழுகிறார்கள். குளோரின் தண்ணீர், அளவு மீறிய தீனி இதையெல்லாம் மீன்கடைக்காரரே சொல்லிவிடுவார். அவர் சொல்லாதது மட்டும் இங்கே.

சோடியை அழகு பார்த்துக்கொண்டே இருப்பது

இங்கே கிடைக்கும் கில்லிகள் நாத்தோ (Nothobranchius) வகை. அதில் குயென்தெரி (guentheri) என்ற இனத்துக்குச் சொந்த ஊர் சான்சிபார் தீவு. மழைக்குத் தேங்கும் குட்டையில் பிறந்து, குட்டை வற்றும்போது செத்துப்போகும் மீன். சேற்றுக்குள் கிடக்கும் முட்டைதான் அடுத்த மழையைப் பார்க்கும். தொட்டியிலும் ஆயுள் ஏறக்குறைய ஒரு வருடம்தான். முழு நிறத்தோடு கடைக்கு வரும்போது அதில் ஒரு பங்கு போயிருக்கும். அதனால் தீனி எடுக்க ஆரம்பித்ததுமே பீட் (மக்கிய பாசித்தூள்) நிரப்பிய டப்பாவைத் தொட்டிக்குள் இறக்கிவிடுங்கள். மூடியில் ஓட்டை போட்ட ஐஸ்கிரீம் டப்பா போதும். ஒரு ஆணுக்கு இரண்டு மூன்று பெண். ஆண் தன் முதுகுத் துடுப்பைப் பெண்ணின் மேல் மடித்துப் பிடித்து, இரண்டும் நடுங்கி, ஒரு உதறு உதறும். முட்டை பீட்டுக்குள் போய்விடும். அந்தப் பீட்டை எடுத்துப் பிழிந்து பையில் கட்டி வைத்து, முட்டை பக்குவமானதும் தண்ணீரில் நனைத்தால்தான் குஞ்சு பொரியும்.

மூடி

போடுங்கள். விரல் நுழையும் சந்து இருந்தாலே குதித்துவிடும்.

ஹீட்டர்

சேலத்திலா?

தேதியைப் பார்த்து நனைப்பது

எனக்கு இன்னமும் எரிச்சல் வருவது இதில்தான்.

அஸ்தம்பட்டியில் ஒரு தம்பி, கூரியரில் முட்டைப் பை வரவழைத்தான். பையில் "12 வாரம்" என்று ஒட்டியிருந்தது. போனில் அலாரமே வைத்து, அந்த நாள் காலையில் பீட்டைத் தண்ணீரில் கொட்டிவிட்டான். ஒரு குஞ்சுகூட வரவில்லை. மறுநாள் போன்: "டூப்ளிகேட் முட்டைங்ணா, ஏமாத்திட்டாங்க." பீட் எங்கேப்பா என்றேன். "ரோஜாத் தொட்டில கொட்டிட்டேங்ணா." தலையில் கை வைத்துக்கொள்வதைத் தவிர என்ன செய்ய?

அந்த 12 வாரம் விற்றவர் வீட்டுக் கணக்கு. அவர் பையை 24, 25 டிகிரியில் வைத்திருப்பார். முட்டைக்குள் கரு ஒரே சீராக வளராது, மூன்று கட்டங்களில் நின்று உறங்கும். எந்தக் கட்டத்தில் எத்தனை நாள் என்பதைப் பெரும்பாலும் வெப்பம் தீர்மானிக்கிறது. சூடு கூடினால் நடு உறக்கத்தைத் தாண்டி நேராக வளர்ந்துவிடும் முட்டைகள் உண்டு. குளிரில் அதே இடத்தில் மாதக்கணக்கில் நின்றுவிடும். சித்திரை வெயிலில் சேலத்து வீட்டு அலமாரிக்குள் இருக்கும் பையும், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காட்டு வீட்டில் இருக்கும் பையும் ஒரே நாளில் பக்குவமாகுமா? ஒரே மீன் இட்ட முட்டையானாலும் ஆகாது.

பார்க்க வேண்டியது முட்டையை. பீட்டைச் செய்தித்தாளில் பரப்பி, ஈர பிரஷ்ஷால் நாலைந்து முட்டை எடுத்து, அடியில் டார்ச் அடித்து லென்ஸில் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். கண்ணாடி போலத் தெளிவாக இருந்தால் இன்னும் வளர்ச்சியே தொடங்கவில்லை, பையைக் கட்டி உள்ளே வையுங்கள். வெள்ளையாக இருந்தால் செத்தது, எடுத்துப் போடுங்கள். உள்ளே குஞ்சு சுருண்டு முட்டையை நிறைத்து, இரண்டு பெரிய கண்களைச் சுற்றிப் பொன் வளையம் மின்னினால் நனைக்கலாம். அரைகுறையில் நனைத்தாலும், பக்குவம் தாண்டி நாள் கடத்தினாலும் காற்றுப்பை நிரம்பாத குஞ்சுகள் வரும். அவை நீந்தாமல் தரையில் தவழ்ந்தே சாகும்.

நனைக்கும் தண்ணீர் குளிர்ச்சியாக இருக்க வேண்டும், 18 டிகிரி பக்கம். ஏற்காட்டில் மார்கழிக் குழாய்த் தண்ணீரே போதும். சேலத்தில் பிரிட்ஜ் தண்ணீர் கலக்க வேண்டியிருக்கும். ஆழம் இரண்டு மூன்று விரல் மொத்தம். பக்குவமான முட்டை சில மணி நேரத்தில் பொரியும்.

எல்லாம் பொரியாது. பொரியவும் கூடாது. அதன் சொந்த ஊரில் முதல் மழைக்கே எல்லாம் பொரிந்து, குட்டை மறுபடி காய்ந்துவிட்டால் மொத்த வம்சமும் போய்விடும் அல்லவா, அதனால் ஒரே நாளில் இட்ட முட்டைகளிலேயே சில காத்திருக்கும். முதல் நனைப்பில் குறைவாக வந்தாலும், வரவே இல்லையென்றாலும் பீட்டை வடிகட்டிப் பிழிந்து, உலர்த்தி, திரும்பப் பையில் கட்டுங்கள். மூன்று நான்கு வாரம் கழித்து மறுபடி முட்டையைப் பாருங்கள். ரோஜா காத்திருக்கட்டும்.

பீட்டின் ஈரம்

புட்டு மாவுப் பதம். பிடித்தால் பிடி நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். நர்சரியில் விற்கும் தேங்காய் நார்த்தூள் கட்டி போதும், ஆனால் உரம் கலந்தது ஆகாது. உப்பும் சாயமும் போகிற வரை அலசி, கொதிக்க வைத்தால்தான் தண்ணீரில் அமிழும்.

ஆர்டீமியா பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது

முட்டையை நனைப்பதற்கு முந்தின நாளே ஆர்டீமியா (குஞ்சுக்குத் தீனியாகும் பொடி இறால்) முட்டையை உப்புத் தண்ணீரில் போட்டுவிடுங்கள். அது பொரிய சுமார் 24 மணி நேரம் ஆகும், குஞ்சுக்கு முதல் நாளே தீனி வேண்டும். தூள் தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

உப்பு

நாத்தோவை வெல்வெட் நோய் (மேலெல்லாம் பொன்தூள் படிந்தது போலத் தெரியும் ஒட்டுண்ணி நோய்) சீக்கிரம் பிடிக்கும். லிட்டருக்கு ஒரு கிராம் கல் உப்பு.

மிஞ்சியதை மூக்கனேரியில் விடுவது

செய்யாதீர்கள். ஏற்காடு ஏரிக்கும் இதே பதில்தான்.

பெயர் எழுதாத பை

இனம், எந்த ஊரில் பிடித்த மீனின் வழி, முட்டை எடுத்த தேதி மூன்றையும் பையின் மேல் எழுதுங்கள். ஆண்கள் இனத்துக்கொரு நிறத்தில் மினுங்கும், பெண்கள் எல்லாம் ஒரே சாம்பல் பழுப்பு. இரண்டு இனத்துப் பெண்களை ஒரே தொட்டியில் விட்டுவிட்டு, யார் யாரென்று கேட்டு எனக்குப் படம் அனுப்பாதீர்கள். படத்தைப் பார்த்துச் சொல்ல யாராலும் ஆகாது.