பள்ளிக் கண்காட்சிக்கு அயர்லாந்துக் கொடியும் வரைபடமும்: தையல் முதல் தீட்டல் வரை

மலேசியாவில் பள்ளிகளிலும் பொது இடங்களிலும் பிற நாட்டுக் கொடியை வைப்பதை 1949-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கட்டுப்படுத்துகிறது. தலைமையாசிரியரிடம் சொல்லி அனுமதியை முடித்துக்கொண்டு தையலுக்கு உட்காருங்கள்.

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா துணிக்கடையில் பச்சை, வெள்ளை, ஆரஞ்சு என்று கேட்டால், இந்தியக் கொடிக்குத்தானே என்று காவியை எடுத்துப் போட்டுவிடலாம். வாங்காதீர்கள். அயர்லாந்துக் கொடிக்கு வேண்டியது பளிச்சென்ற ஆரஞ்சு, பான்டோன் என்ற நிற அட்டவணையில் எண் 151, பச்சை 347. தங்க மஞ்சளும் ஆகாது. அந்த ஆரஞ்சு, இங்கிலாந்து மன்னர் மூன்றாம் வில்லியம் வழிநின்ற புராட்டஸ்டன்ட் மரபுக்கானது. மஞ்சளாக்கினால் அவர்களையே கொடியிலிருந்து கழற்றியதாகிவிடும். பச்சை, பெரும்பாலும் கத்தோலிக்கரான பூர்விக ஐரிஷ் மக்களின் கேலிக் மரபு; வெள்ளை இரு தரப்புக்கும் இடையிலான சமாதானம். 1848-இல் தாமஸ் பிரான்சிஸ் மார் வாட்டர்ஃபோர்டில் ஏற்றிய கொடி, பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சியில் டப்ளின் தலைமைத் தபால் நிலையத்தின் மேல் பறந்த பிறகுதான் நாட்டின் கொடியாக நிலைத்தது.

அளவு 1:2. உயரம் 90 செ.மீ., நீளம் 180 என்றால் ஒவ்வொரு பட்டையும் 60 செ.மீ. அகலம். 45 அங்குலத் துணியில் நிறத்துக்கு 70 செ.மீ. போதும். வெட்டுவதற்கு முன் ஆரஞ்சைத் தனியே ஊறவைத்துச் சாயம் போகிறதா என்று பாருங்கள். மழையில் ஒருமுறை நனைந்தால் வெள்ளைப் பட்டை பாழ். உயரம் எல்லாவற்றுக்கும் 95 செ.மீ.; அகலம் பச்சைக்கும் வெள்ளைக்கும் 63, வெளி விளிம்பு மடிக்க ஆரஞ்சுக்கு 64. மூன்றையும் ஒரே இழைவாக்கில் வெட்டாவிட்டால் தொங்கும்போது ஒரு பட்டை மட்டும் இழுத்துக்கொள்ளும். இணைப்பில் 1.5 செ.மீ. விட்டு, ஒரு விளிம்பைப் பாதியாகக் கத்தரித்து, மற்றதை அதன்மேல் மடித்து இரட்டைத் தையல் போடுங்கள். பின்பக்கமும் கண்ணில் படும், பிசிறு தெரியக்கூடாது.

கம்பத்தை ஒட்டி வருவது பச்சை. சுவரில் கிடையாக மாட்டினால் பார்ப்பவரின் இடக்கைப் பக்கம் பச்சை. நெடுக்காகத் தொங்கவிட்டால் பச்சை மேலே. மண்டபத்தின் நடுவில் தொங்கவிட வேண்டாம்: பின்னாலிருந்து பார்ப்பவருக்கு நிற வரிசை தலைகீழாகி, அது மேற்கு ஆப்பிரிக்க நாடான ஐவரி கோஸ்ட்டின் கொடி. அவர்கள் கொடியின் விகிதம் 2:3 என்பது மட்டும்தான் வித்தியாசம், அதை யார் அளந்து பார்க்கப் போகிறார்கள்?

வரைபடத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். தீவில் 32 கவுண்டிகள் (மாவட்டம் போன்றவை): குடியரசில் 26, ஐக்கிய இராச்சியத்தைச் சேர்ந்த வட அயர்லாந்தில் 6. அந்த ஆறு ஆன்ட்ரிம், ஆர்மா, டவுன், ஃபெர்மானா, லண்டன்டெரி, டைரோன். எல்லைக்கோட்டை அல்ஸ்டர் மாகாண எல்லையில் இழுக்காதீர்கள். அல்ஸ்டரில் ஒன்பது கவுண்டிகள்; டோனிகல், காவன், மோனஹன் மூன்றும் குடியரசில். தீவின் வடகோடியான மாலின் முனை டோனிகலில், அதாவது ‘தெற்கு’ என்று சொல்லப்படும் குடியரசில்தான் இருக்கிறது!

குடியரசுக்குப் பச்சை, வடக்குக்கு ஆரஞ்சு என்று தீட்டவும் கை போகும். கூடாது. கொடி நிறங்கள் மக்களுக்கானவை, நிலத்துக்கல்ல. 2021 கணக்கெடுப்பில் வட அயர்லாந்தில் கத்தோலிக்கப் பின்னணியினர் 45.7 விழுக்காடு, புராட்டஸ்டன்ட் மற்றும் பிற கிறிஸ்தவப் பின்னணியினர் 43.5. கொடியில் இல்லாத நீலமும் சாம்பலும் எடுத்துக்கொள்ளுங்கள். வடக்குக்கெனத் தனி அதிகாரபூர்வக் கொடி இப்போது இல்லை. சிவப்புக் கை பதித்த அல்ஸ்டர் கொடியை அங்கிருந்த அரசு பயன்படுத்தியது 1953 முதல் 1972 வரைதான். இரு தரப்பும் வெவ்வேறு பெயரால் அழைக்கும் நகரத்தை ‘டெரி/லண்டன்டெரி’ என்று இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.