மோனேயின் லவக்கூர் அந்தியை வரையும்போது செய்யக்கூடாத தவறுகள்

பிரெஞ்சு ஓவியர் குளோத் மோனே 1880-ல் வரைந்த 'லவக்கூரில் செய்ன் ஆற்றின் மேல் அஸ்தமனம், குளிர்காலம்' பாரிஸின் பெத்தி பலே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பயிற்சிக்காக இதைப் பார்த்து வரைகிறவர்கள் பெரும்பாலும் சொதப்புவது சூரியனில்தான். வெளிச்சம் என்றாலே வெள்ளை என்று நினைத்து ஆரஞ்சில் வெள்ளையைக் கலந்துவிடுகிறார்கள், நிறம் வெளிறிப்போய் சூரியன் செத்துப்போகிறது. மோனேயின் சூரியன் எரிவதற்குக் காரணம் சுற்றியிருக்கும் நீலச்சாம்பல். எதிரெதிர் நிறங்கள் பக்கத்தில் வந்தால் ஒன்றையொன்று தூக்கிக்காட்டும், அவ்வளவுதான். அதனால் முதலில் சாம்பலை ஒழுங்காகக் கலந்து பூசுங்கள், ஆரஞ்சைக் கடைசியில் வையுங்கள்.

நம்பிக்கை வராவிட்டால் அவருடைய 'இம்ப்ரெஷன், சன்ரைஸ்' படத்தை போனில் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள், சூரியன் கிட்டத்தட்ட காணாமல் போய்விடும். சுற்றியுள்ள வானத்தைவிட அது அதிக வெளிச்சமாக வரையப்படவே இல்லை. (இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது லே ஹாவ்ர் துறைமுகத்தின் விடியற்காலை, 1872.)

அடுத்தது, மாலை என்றதும் கேன்வாஸ் முழுக்க மஞ்சளும் சிவப்பும் அப்புவது. அப்படிச் செய்தால் காலண்டர் படம்தான் கிடைக்கும். 1879-80 குளிரில் செய்ன் உறைந்து, ஜனவரியில் பனிக்கட்டி உடைந்து மிதந்தது. லவக்கூருக்கு எதிர்க்கரையில், வெத்தே என்ற ஊரில் குடியிருந்த மோனே அதையெல்லாம் கண்ணால் பார்த்தவர். தண்ணீரில் அந்தக் குளிர் தெரிய வேண்டும்.

சூரியனின் பிரதிபலிப்பைச் சாய்வாக இழுக்காதீர்கள். அது எப்போதும் சூரியனுக்கு நேர் கீழே, உங்களை நோக்கித்தான் விழும், அலை அதைத் துண்டு துண்டாக்கும். படுக்கைவாட்டில் குட்டிக் குட்டி வீச்சு போதும். கரை நிழலுக்கு டியூப் கறுப்பு வேண்டாம், நீலமும் பழுப்பும் கலந்தாலே போதும்.

அப்புறம் அவசரம். இம்ப்ரெஷனிஸ்ட் (மோனே போல, கண நேர வெளிச்சத்தை வேகமான வீச்சில் பிடிக்கும் ஓவியர்) என்றால் அரைமணியில் முடித்துவிடுவார் என்று நினைக்கிறோம். இது ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் அகலப் படம். 1880 மார்ச்சில் விமர்சகர் தியோடோர் துய்ரேக்கு எழுதிய கடிதத்தில், மூன்று பெரிய கேன்வாஸ்களில் கடுமையாக உழைப்பதாகவும், அதில் ஒன்று முழுக்கத் தன் சொந்த ரசனைப்படி அமைந்துவிட்டதால் சலோனுக்கு (பாரிஸின் அதிகாரபூர்வ ஓவியக் கண்காட்சி) அனுப்பினால் நிராகரித்துவிடுவார்கள் என்றும் மோனே சொல்கிறார். அந்த ஒன்று இதுதான் என்று பொதுவாகக் கருதுகிறார்கள்.

வரைவதற்கு போஸ்டர் விற்கும் தளங்களின் படத்தை எடுக்காதீர்கள், நிறத்தை ஏற்றி வைத்திருப்பார்கள். பாரிஸ் நகர அருங்காட்சியகங்களின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.