நைஜீரியப் பெயர்களில் வரும் 'க்ப' ஒலிக்கு ஒரு வழி

தென் நைஜீரியாவில் வாழும் இசோகோ மக்களின் ஊரான 'இக்பிடே'யைச் சொல்லும்போது 'இக்' என்று நிறுத்தாதீர்கள். 'இ' என்று சொல்லி நிறுத்துங்கள். அப்புறம் உதட்டை மூடி, அதே நேரத்தில் அடிநாக்கையும் மேலே ஒட்டிவைத்து, இரண்டையும் ஒரே நொடியில் விடுங்கள்: இ–க்பி–டே.

தமிழில் 'க்' முன்னெழுத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும், அதனால் நம் வாய் இதை இரண்டு மெய்யாகப் பிரித்துவிடுகிறது. இசோகோ, யொரூபா, இக்போ மொழிகளில் இது ஒரே மெய், அடுத்த உயிரோடுதான் சேரும். 'இ'யில் நிறுத்தினால் 'க்' ஒட்ட இடமே இல்லை.

இந்த ஒலி இரண்டு வகை. 'கங்கை'யில் வரும் கை, 'தம்பி'யில் வரும் பி, இந்த இரண்டின் மெய்களும் சேர்ந்தால் தொண்டையில் அதிர்வுள்ளது. இக்பிடேயில் இருப்பது அதுதான். 'பக்கம்', 'அப்பா' இவற்றின் வல்லின மெய்கள் சேர்ந்தால் அதிர்வில்லாதது. இரண்டையும் குழப்பினால் சொல்லே மாறிவிடும், இதில் கவனம் வேண்டும். நடுவே உகரம் நுழைத்து 'இகுபிடே' ஆக்குவதும் தவறு.

நைஜீரியாவின் இன்னொரு மொழியான ஹௌசாவுக்கு இது பொருந்தாது, அதில் இந்த ஒலி இல்லை. யொரூபாவில் அதிர்வில்லாத வகையை வெறும் 'p' என்ற ரோமன் எழுத்தாலேயே எழுதுவார்கள், எழுத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். இக்போவின் சில வட்டார வழக்குகளில் காற்றை உள்ளே இழுத்துச் சொல்வார்கள். அங்கே உள்ளூர்க்காரர் வாயைப் பார்த்துக் கற்பதுதான் சரி.