ஐரோப்பாவின் கார்பன் வரி: போல்ட், நட்டு அனுப்புகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐரோப்பாவுக்குள் வரும் சரக்கைச் செய்யும்போது எவ்வளவு கார்பன் கிளம்பியது என்று பார்த்துப் போடுவதுதான் இந்தக் கார்பன் வரி (CBAM). கூரை முழுக்க சோலார் போட்டாச்சு, இனி அது நம்மைத் தொடாது என்று நினைத்தால் அதுதான் முதல் தவறு. இரும்பு, அலுமினியச் சரக்குக்கு இந்த வரிக் கணக்கில் கரண்ட்டால் வரும் கார்பன் சேரவே சேராது. உலையில் நேராகக் கிளம்பும் புகைதான் கணக்கு. (சிமென்ட்டுக்கும் உரத்துக்கும் கரண்ட்டும் சேரும், அது வேறு கதை.) கரண்ட் பில் குறைய சோலார் தாராளமாகப் போடுங்கள், இந்த வரிக்காகப் போடாதீர்கள்.

நம் ஷெட்டில் பெரிய உலையே இல்லையே என்பீர்கள். அது நீங்கள் வாங்கும் கம்பிச் சுருளுக்குள் இருக்கிறது. நிலக்கரியை வைத்து ஊதுலையில் செய்த இரும்பு என்றால் டன்னுக்கு 2 டன்னுக்கும் மேல் கார்பன் டை ஆக்சைடு சுருளோடு சேர்ந்தே உங்கள் கணக்கில் ஏறும், பழைய இரும்பை மின் உலையில் உருக்கியது என்றால் அதில் ஒரு சின்னப் பங்குதான். ஆகவே கம்பி வாங்கும்போது விலையோடு நிறுத்தாமல் எந்த ஆலை, எந்த உலை, டன்னுக்கு எவ்வளவு புகை என்று எழுத்தில் கேளுங்கள். மின் உலை என்று சொன்னதும் நம்பிவிடவும் வேண்டாம். நம் நாட்டு இண்டக்‌ஷன் உலைகள் பலவற்றில் போடுவது நிலக்கரியில் செய்த ஸ்பாஞ்ச் இரும்பு, அந்தப் புகையும் சேரும்.

வரி கட்டப்போவது அங்கே இறக்குமதி செய்கிறவர்தானே, நமக்கென்ன? 2026 ஜனவரி 1 முதல் வரும் சரக்குக்கு, சரிபார்க்கப்பட்ட கணக்கை நீங்கள் கொடுக்காவிட்டால் ஐரோப்பிய ஒன்றியம் பொதுவாக நிர்ணயித்து வைத்திருக்கும் கார்பன் மதிப்பைத்தான் அவர் போட வேண்டும். அதன் மேல் 2026ல் 10 சதவீதம், 2027ல் 20, அப்புறம் 30 என்று கூடுதலும் ஏறும். அந்தப் பணத்தை உங்கள் விலையில் பிடிக்காமல் விடுவாரா?

50 டன்னுக்குக் கீழே விலக்கு உண்டு என்பதும் அரைகுறையாகத்தான் பரவியிருக்கிறது. அது உங்கள் சரக்கின் எடை இல்லை, அந்த இறக்குமதியாளர் ஒரு வருடத்தில் எல்லோரிடமும் வாங்கும், இந்த வரிக்குள் வரும் சரக்கின் மொத்தம்.

இங்கே நிலக்கரிக்கு டன்னுக்கு 400 ரூபாய் செஸ் (கூடுதல் வரி) இருந்ததே, அதை ஐரோப்பிய வரியில் கழித்துக்கொள்ளலாமா என்றும் கேட்கிறார்கள். அந்த செஸ் 2025 செப்டம்பரிலேயே போய்விட்டது, கழிக்க எதுவும் இல்லை.

எரிசக்தியை மிச்சப்படுத்தும் புது மெஷினுக்கு நம் அரசு தரும் மானியத்தில் நடக்கும் தவறு எளிமையானது: மெஷினை முதலில் வாங்கிவிட்டு அப்புறம் மனு போடுவது. சிறு தொழில்களுக்கு 2025ல் வந்த அடீட்டி (ADEETIE) திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். குறு, சிறு நிறுவனங்களின் கடன் வட்டி விகிதத்தில் 5 சதவீதப் புள்ளிகளை அரசு ஏற்கிறது, ஆனால் எரிசக்தி 10 சதவீதமாவது மிச்சமாக வேண்டும், குறிப்பிட்ட தொழில்களுக்கு மட்டும்தான். பழைய மெஷினைக் காயலான் கடைக்கு ஏற்றிய பிறகு எதை வைத்து மிச்சத்தைக் காட்டுவீர்கள்? முதலில் எரிசக்தி ஆடிட், கூடவே பழைய மெஷின் தின்னும் யூனிட்டும் டீசலும் மாதாமாதம் நோட்டில். அட்வான்ஸ் கொடுப்பது அதற்கப்புறம்.